பதினோரு விக்கெட் வித்தியாசம்

ஒரு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும், இப்போதே மணி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப், சமையலறையில் கோமதி மீன் கழுவுகிற சத்தம், இந்த அழகில் ஒரு மனுஷன் எங்கே உட்கார்ந்து யோசிப்பது என்று தெய்வநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் பெண்டாட்டிமேல் இல்லை, ஜெபராஜ்மேல். நாகர்கோவில் பக்கம் ஏதோ கல்லூரியில் நூலகராக இருக்கிறான், கமா வர வேண்டிய இடத்தில் புள்ளி வந்துவிட்டால் தூக்கம் வராத ரகம். காலையில் அவன் அனுப்பிய செய்தி திரையில் அப்படியே நிற்கிறது, நாலு தடவை படித்தாயிற்று, ஐந்தாவது தடவை படித்தால் மாறிவிடுமா என்ன. ‘சார், வாழ்நாள் விக்கெட் பட்டியல் ஒரு மணிக்கு அச்சுக்குப் போகுது. ஒரே ஒரு சந்தேகம். முதல் இடத்துல இருக்கிற பிச்சைமுத்துவோட பிறந்த தேதி 12.4.1967னு குடுத்திருக்கீங்க. 1985 பேப்பர் ஒண்ணு கையில கிடைச்சுது. வயசுச் சந்தேகத்தால ஜூனியர் அணியிலிருந்து நீக்கம்னு ரெண்டு வரி இருக்கு. உங்க கூடப் படிச்சவர்தானே, எது நிஜத் தேதின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது.’ ஒரு வார்த்தையாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நீல இன்லேண்டு லெட்டரில் அந்த ஒரு வார்த்தையை, கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால், தேர்வுக் குழுவுக்கு எழுதிப் போட்டவர் தெய்வநாயகம்தான் என்று ஜெபராஜுக்கு எப்படித் தெரியும். யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் இடது கை தானாக மேஜைக்கு அடியில் போய்விட்டது, அதை மறுபடி எடுத்து மேலே வைத்தார்.

இத்தனைக்கும் அது ஒரு பொய் உலகம். எட்டுப் பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு, ஒன்பது வருஷமாக நடக்கிறது, வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒரு ஹோமியோபதி டாக்டர், எல்லாருமே ஒரு காலத்தில் பந்து போட்டோ மட்டை பிடித்தோ பார்த்து, உள்ளூர் மைதானத்தைத் தாண்டாமல் போனவர்கள். நடக்காத ஒரு வரலாற்றை நடந்ததாக வைத்து எழுதுகிறார்கள். அந்த வரலாற்றில் 1951இலிருந்து இங்கே மாவட்டத்துக்கு ஒரு கிரிக்கெட் அணி உண்டு, சம்பளம் உண்டு, வருஷா வருஷம் கோப்பை உண்டு. ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் ஆடும். ஆட்களை மட்டும் இவர்கள் கொடுக்க வேண்டும், அதுவும் கண்ணால் பார்த்த ஆட்களை, நிஜத்தில் எங்கேயும் போய்ச் சேராமல் கரைந்துபோனவர்களை. வேகத்துக்கு இத்தனை மார்க், சுழலுக்கு இத்தனை, உடம்புக்கு இத்தனை, பிறந்த தேதி இன்னது என்று போட்டுவிட்டால் அதன்பின் கம்ப்யூட்டர் பாடு. மழை வரும், முழங்கால் போகும், ஒருவன் ஒரே சீசனில் எழுபது விக்கெட் எடுப்பான், அடுத்த சீசனில் காணாமல் போவான். ஒரு சீசன் ஓடி முடிய இருபது நிமிஷம். மாவட்டச் செய்தியில்கூடப் பெயர் வராத ஒரு தபால்காரர் அந்த உலகத்தில் பன்னிரண்டாயிரம் ரன் எடுத்திருக்கிறார், அவருடைய பேரனுக்குக்கூட அது தெரியாது. கோமதி இதைக் கரண்ட் பில் கட்டுவது என்று நினைத்திருந்தாள் முதல் இரண்டு வருஷம். பிறகு விஷயம் தெரிந்ததும், ‘செத்தவங்களுக்கெல்லாம் பிரமோஷன் குடுக்கீங்களா’ என்று கேட்டதோடு சரி. அவள் கேட்டதில் தப்பில்லை. வரலாறு 2010ஆம் வருஷத்தோடு முடிகிறது என்று குழு தீர்மானித்து, சாதனைப் பட்டியல்களைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள், நூறு பிரதி. வாழ்நாள் விக்கெட் பட்டியலில் முதல் பெயர் பிச்சைமுத்து, 1,043 விக்கெட். இரண்டாவது பெயர் தெய்வநாயகம், 1,032.

தன்னைத் தானே போட்டுக்கொள்ளவில்லை, அந்த அளவுக்குக் கேவலம் இல்லை. அவரை உள்ளே சேர்த்தது ஜெபராஜ், மரியாதைக்காக. தெய்வநாயகம் சேர்த்தது பிச்சைமுத்துவை. வேகத்துக்கு எண்பத்தெட்டு மார்க் போட்டார். தொண்ணூற்று நாலு போட்டிருக்க வேண்டும், அது அவருக்குத் தெரியும், தாங்கள் படித்த ஊர் ஹைஸ்கூல் மைதானத்தில் விக்கெட் கீப்பராக நின்ற எவனைக் கேட்டாலும் சொல்வான். தொண்ணூற்று நாலு என்று எழுதி, அழித்து, எண்பத்தெட்டு ஆக்கினார். எதற்கு அந்த ஆறு மார்க்கைப் பிடுங்கினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடுங்கியும் பிரயோசனமில்லை. கம்ப்யூட்டர் அவனைத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் வைத்துவிட்டது, வருஷத்துக்கு நாற்பது, ஐம்பது, ஒரு வருஷம் எழுபத்தொன்று, காயமே படாமல், மழை வந்தால்கூட அவன் ஓவரை முடித்த பிறகு வருகிறது. அந்த ஆறு மார்க்குக்குப் பரிகாரம் மாதிரி பிறந்த தேதியில் தாராளம் காட்டினார். சர்டிபிகேட்டில் இருந்த பொய்த் தேதியையே போட்டார், 1967 என்று. நிஜத்தில் அவன் அறுபத்து நாலில் பிறந்தவன், தனுஷ்கோடிப் புயல் அடித்த மாசம். போகட்டும், இந்த உலகத்திலாவது இரண்டு வருஷம் கூட ஆடட்டும் என்று போட்டார். நாற்பது வயதானால் ஓய்வு என்பது குழுவின் சட்டம். தேதி தப்பு என்று தெரிந்தால் ஆட்டத்தை மறுபடி ஓட்டுவதில்லை, நாற்பதுக்கு மேல் எடுத்ததைக் கழித்துவிடுவார்கள், அவ்வளவுதான். கழித்தால் அவனுக்கு ஐம்பத்தெட்டு விக்கெட் போகும். முதல் இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு வந்துவிடுவான். முதல் பெயர் தெய்வநாயகம் என்று ஆகிவிடும். 1964 என்று நாலு எண் தட்டினால் போதும். அதுவும் உண்மையைத்தான் தட்டப்போகிறார். உண்மை மறுபடியும் அவர் பக்கமே வந்து நிற்கிறது, கூப்பிடாமலே, அன்றைக்கு வந்து நின்ற மாதிரியே.

அன்றைக்கு அந்தக் கடுதாசியிலும் அவர் பொய் எழுதவில்லை. இதை அவர் எத்தனை தடவை தனக்குத் தானே சொல்லியிருப்பார், பல் தேய்க்கும்போது, ஆபீஸ் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பெண்ணுடைய கல்யாண மண்டபத்தில் பிச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி விசாரித்தபோது. எழுதினது அற்பத்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதின விஷயம் நிஜம். இந்த ஒரு வரியின்மேல்தான் நாற்பது வருஷமாகக் காலை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறார். மொட்டைக் கடுதாசி போடுகிறவன் அண்டப்புளுகு எழுதுவான், இவர் அப்படியா எழுதினார். அவனுடைய அம்மா வாயாலேயே கேட்டதை எழுதினார். அவன் வீட்டு முற்றத்தில் அந்த அம்மாள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் மாசிக் கருவாடு காய்கிற வாசனை. இவர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி ஸ்பைக்ஸ் ஷூ, அன்றைக்கு இவர் முறை. அந்த அம்மாள் வானத்தைப் பார்த்து, ‘இப்பிடித்தான் இருட்டிக்கிட்டு வந்துச்சு அன்னைக்கும். புயல் அடிச்ச மாசம்தான் எம்புள்ள பொறந்தான். கூரை போயிருச்சு. எட்டு நாள் பச்சப்புள்ளய சேலையில சுத்தி நெஞ்சோட வச்சுக்கிட்டு பள்ளிக்கூடத்துல கெடந்தேன்’ என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலிலிருந்து பிச்சைமுத்து, ‘வாடா மாப்ள, மழை வந்தா பிட்ச்சு நனஞ்சு போயிரும்’ என்று கத்தினான், இவர் எழுந்து போய்விட்டார். போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டார். புயல் அடித்தது அறுபத்து நாலு டிசம்பர். இது எண்பத்தைந்து. இருபது ஆகிவிட்டது இவனுக்கு, பத்தொன்பதுக்குக் கீழே உள்ளவர்கள் அணிக்குப் போகிறான். அதனால்தான் இந்த உயரம், அதனால்தான் ஒன்பதாம் வகுப்பிலேயே மீசை, அதனால்தான் பந்து அப்படி எகிறுகிறது. அத்தனைக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி இருந்ததே, அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவன் நம்மைவிடத் திறமைக்காரன் இல்லை, வெறும் வயசுக்காரன். அன்றைக்கு வலைப்பயிற்சியில் மூன்று தடவை அவன் பந்தில் ஸ்டம்ப் போனபோதுகூட இவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கோமதி எட்டிப் பார்த்து, ‘மண்டையைக் கொழம்புல போடவா, தனியா வறுக்கவா’ என்று கேட்டாள். ‘ஏதோ பண்ணு.’ ‘ஏதோ பண்ணுன்னா பெறகு குத்தம் சொல்லக் கூடாது.’ அவள் உள்ளே போனாள். மீனும் பிச்சைமுத்து அனுப்பினதுதான். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, டேப் சுற்றி, மதுரை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் மாட்டுத்தாவணிக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐஸுக்கு அவனுக்குப் பஞ்சமில்லை, முப்பத்தைந்து வருஷமாக ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் உடைக்கிற வேலை. கூர்க்கம்பியை ஓங்கி இறக்குவதை இவர் ஒரு தடவை நின்று பார்த்திருக்கிறார். அதே தோள், அதே வீச்சு, கடைசியில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவானே, அதுவும். அங்கே நிற்கப் பிடிக்காமல் சீக்கிரம் கிளம்பிவிட்டார். தேர்வுக் குழு அன்றைக்கு ஒரு விசாரணையும் வைக்கவில்லை, அவனையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டு அந்தக் கடுதாசியைப் படித்துக் காட்டி, சந்தேகம்னு வந்தாச்சு, எங்களால ரிஸ்க் எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அவன் இடத்துக்கு இவர் போனார். இரண்டு மேட்ச், மூன்று விக்கெட், அதில் ஒன்று ரன் எடுக்க அவசரப்பட்ட பதினோராவது ஆட்டக்காரன். அந்த இரண்டு மேட்ச் சர்டிபிகேட்டில்தான் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வாரிய வேலை வந்தது. அந்த வேலையில்தான் கல்யாணம், இந்த வீடு, பெண்ணுடைய படிப்பு, இன்னும் இரண்டு வருஷத்தில் பென்ஷன். மேஜை, நாற்காலி, மேலே கிரீச்சென்று சுற்றுகிற ஃபேன், எதைத் தொட்டாலும் அடியில் அந்த நீலக் கடுதாசி இருக்கிறது. அப்புறம் ஏன் இந்தப் பொய்ப் பட்டியலிலும் முதல் இடம் வேண்டியிருக்கிறது. வேண்டியிருக்கிறதே. அதுதான் வெட்கமாக இருக்கிறது. யாரும் பார்க்கப் போகாத நூறு பிரதிப் புத்தகத்தில் தன் பெயர் அவன் பெயருக்கு மேலே இருக்க வேண்டும் என்று ஐம்பத்தெட்டு வயசில், சர்க்கரை, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளுக்கு வாய் ஊறுகிறது.

1964 என்று டைப் செய்தார். அனுப்பவில்லை. அழித்தார். 1967 என்று டைப் செய்தார். அதுவும் பொய்தானே என்று நின்றார். நாற்பது வருஷமாக உண்மை, உண்மை என்று சொல்லிவிட்டு இப்போது அவனுக்காகப் பொய் சொன்னால் அன்றைக்கு எழுதினது என்ன ஆகும், பழைய கணக்கில் இருக்கிற ஒரே நியாயமும் கையைவிட்டுப் போய்விடாதா. பொய் சொல்லி அவனை மேலே வைப்பதா, உண்மை சொல்லி மறுபடி இறக்குவதா. இறக்கினால் இது இரண்டாவது கடுதாசி, இந்தத் தடவை வலது கையால். கடுதாசி போட்டது யார் என்று ஒருவேளை அவனுக்கே தெரியுமோ என்று இன்னொரு பயம் வந்தது. புதிதல்ல, பெட்டி வருகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிற பயம்தான். டேப்பைக் கிழித்து மூடியைத் திறக்கும்போது உள்ளே மீனுக்குப் பதிலாக வேறு ஏதாவது இருக்குமோ என்று முதலில் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பார். இருக்காது. சீலா மீன் இருக்கும், துண்டு போட்டு, தலை தனியாக. தெரிந்தால் எவனாவது மீன் அனுப்புவானா. தெரியாது. மைதானத்துக்குப் பின்னால் வேலிக்கருவை மர நிழலில் படுத்துக்கொண்டு அவன் பேசுவது ஞாபகம் வந்தது, முகத்தை மிகப் பக்கத்தில் பார்த்த நாட்கள், மூக்கின் வலது பக்கம் மிளகளவு ஒரு வடு, அம்மை போட்ட தழும்பு என்று நினைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பிச்சை, பிச்சை என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள், தட்டு எங்கடா என்பார்கள், இவரும் சொல்லியிருக்கிறார். அவன் சிரிப்பான். தாத்தா பேராக இருக்கும் என்று விட்டுவிட்டார். மணி பன்னிரண்டு நாற்பது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது, புத்திசாலித்தனமான யோசனை என்றே பட்டது. அவனையே கேட்டுவிட்டால் என்ன. அவன் வாயாலேயே அறுபத்து நாலு என்று வந்துவிட்டால் அதன்பின் இவர் கையில் ஒன்றுமில்லை, அவன் சொன்னான், இவர் தட்டினார், கை சுத்தம்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். ‘சொல்லு மாப்ள, மீன் நல்லா இருந்துச்சா.’ பின்னால் தட்டு வைக்கிற சத்தம். தெய்வநாயகம், ஒரு புத்தகம் போடுறோம், பழைய ஆட்டக்காரங்க பத்தி, உன் பிறந்த தேதி வேணும் என்றார். ‘எம்பேரெல்லாம் புத்தகத்துல வருதா. ஏப்ரல் பன்னெண்டு, அறுபத்தேழு.’ ‘அது சர்டிபிகேட்ல உள்ளதுல்ல. நெசத் தேதி கேக்கேன்.’ ‘அதான்டா நெசத் தேதி. சர்டிபிகேட்டுல வேறயா போடுவாங்க.’ சிரித்தான். இவரும் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். இங்கே வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை, அந்த ஒரு வரியில் ஊன்றி நின்ற கால் நழுவுகிற மாதிரி இருந்தது, அதைப் பிடித்து நிறுத்தும் அவசரத்தில், ‘இல்ல மாப்ள, புயல் அடிச்ச மாசம் பொறந்ததா உங்க அம்மா சொன்னாங்களே’ என்று சொல்லிவிட்டார்.

‘அது எங்க அண்ணன்’ என்றான் பிச்சைமுத்து, சாதாரணமாக. ‘புயல்ல தப்பிச்ச புள்ள, ஒம்பது மாசத்துல பேதியில போயிட்டான். அடுத்து நான். நானாவது தங்கணும்னு அம்மா ஏழு வீட்டுல மடியேந்தி அரிசி வாங்கி வந்து கஞ்சி வச்சு, மூக்கும் குத்தி விட்டுச்சு. பிச்சை எடுத்த புள்ளய எமன் கேக்க மாட்டானாம். அதான இந்தப் பேரு. ஊருக்கே தெரிஞ்ச பழக்கம்டா, உனக்குத் தெரியாதா.’ தெரியும். தெய்வநாயகத்துக்கு அந்தப் பழக்கம் தெரியும். அவர் சொந்தத்திலேயே ஒரு பிச்சையம்மாள் உண்டு, மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருக்கும், ஏன் என்று சின்ன வயசிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். முன்னால் ஒரு பிள்ளை செத்தால்தான் அடுத்த பிள்ளைக்கு அந்தப் பேர். பேரிலேயே எழுதியிருந்தது, மூக்கிலேயே எழுதியிருந்தது, அந்த அம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு சொல்ல வந்த மிச்சமும் அதுதான், இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும், லேஸை இன்னும் ஒரு துளையில் கோத்திருந்தால் போதும். அப்படியானால் அவனுக்கு அன்றைக்குப் பதினெட்டு. அந்த வேகம் பதினெட்டு வயசின் வேகம். எழுதினது அற்பத்தனம் மட்டுமில்லை, பொய். சுத்தப் பொய். நாற்பது வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட ஒரே நல்ல வார்த்தையும் பொய்.

‘மாப்ள’ என்றான் பிச்சைமுத்து. குரல் தணிந்திருந்தது. ‘அண்ணன் பேச்ச அம்மா யார்ட்டயும் எடுக்காது. அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும், அம்மா எங்கிட்ட வாயத் தொறந்தது சாகுற வருசந்தான். உங்கிட்ட எப்பச் சொன்னுச்சு.’ தெய்வநாயகம் ஏதோ சொல்ல வேண்டும். தொண்ணூறில் என்று சொல்லலாம், வேறு யாரோ சொன்னார்கள் என்று சொல்லலாம். அதற்குள், ‘அந்தக் கடுதாசியப் படிச்சுக் காட்டுனாங்க எனக்கும் அப்பாவுக்கும். புயல் மாசத்துப் பிள்ளைன்னுதான் எழுதியிருந்துச்சு’ என்றான் அவன். ‘யாருக்குடா அண்ணன் பொறந்த மாசம் தெரியும்னு அப்பா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. சொந்தக்காரன் ஒவ்வொருத்தனையா சந்தேகப்பட்டு, சித்தப்பா வீட்டோட பேச்சே விட்டுப்போச்சு.’ திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவுகிற சத்தம் கேட்டது, சாப்பிட உட்கார்ந்தவன் சாப்பிடாமல் கழுவுகிறான். ‘சரி, வைக்கேன்’ என்றான். வைத்துவிட்டான்.

மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. தெய்வநாயகம் ஜெபராஜுக்கு 1967 சரி என்று தட்டி அனுப்பினார். உடனே பதில் வந்தது. ‘ரொம்ப நன்றி சார். உங்க பேர் முதல்ல வர வாய்ப்பு இருந்தும் விட்டுக் கொடுத்துட்டீங்க. உங்கள மாதிரி ஆள் அபூர்வம்.’ கீழே கைகூப்புகிற படம் மூன்று. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோமதி லேப்டாப்பை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு இலையைப் போட்டாள், சோறு வைத்து, குழம்பில் கிடந்த பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். ‘பிச்சைமுத்து அண்ணன்கிட்டதான பேசிக்கிட்டு இருந்தீங்க. மீன் நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களா?’

‘சொல்லல.’

‘நல்லா இருக்கீங்க நீங்க. அடுத்த தடவ பேசும்போதாவது சொல்லுங்க’ என்றபடி அவள் ரசத்தை எடுத்து வர உள்ளே போனாள். தெய்வநாயகம் வலது கையால் சோற்றைப் பிசைந்தார்.